சோப்புப் போட்டால் விழும் சிறுவன்: பென்னாகரம் பகுதியில் ஒரு வைட்டமின் இ நிகழ்வு

## பின்னணி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதியில், நடமாட்டத்தில் சிரமம் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பது என் வேலை. சில நாட்கள் வட்டார வள மையத்தில் இருப்பேன். மற்ற நாட்களில் வீடு தேடிப் போவேன். நோயைக் கண்டறிவது என் பொறுப்பில் இல்லை. ஆனால் பிள்ளைகள் நிற்பதையும் நடப்பதையும் விழுவதையும் நாள் முழுவதும் பார்க்கிறவர்கள் நாங்கள். இந்த நிகழ்வில் அந்தப் பார்வை ஓரிடத்தில் பயன்பட்டது. அதற்கு முன் நான்கு மாதம் பயன்படவில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிறுவனுக்கு அப்போது 10 வயது, ஐந்தாம் வகுப்பு. அப்பா ஆண்டில் பாதி நாள் பெங்களூரில் கட்டட வேலை. அம்மா வீட்டோடு இருந்து மானாவாரி நிலத்தைப் பார்க்கிறார்: நிலக்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் கொள்ளு. 6 வயதில் ஒரு தங்கை. அப்பாவின் அம்மாவும் அதே வீட்டில்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த பையன், ஐந்தாம் வகுப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் அவனைத் தினமும் பார்த்தவர்களுக்கு மாற்றம் தெரியவில்லை. இடைவெளிக்குப் பிறகு பார்த்த ஆசிரியைக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

## முதல் சுற்று: பல்லும் தண்ணீரும்

2021 டிசம்பரில் ஒரு மருத்துவ முகாமில் அவனைக் காட்டினார்கள். அவன் சிரித்தால் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. அதற்காகவே கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது என்றாலும், பழைய கைப்பம்பை விடாத வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. பல்லைப் பார்த்ததும் முகாம் மருத்துவருக்கு எலும்பின் மேல் சந்தேகம் போனதில் வியப்பில்லை. ஃபுளோரைடால் கால் வளைந்த பிள்ளைகளை இங்கே யாரும் பார்த்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் பெரிதாக எதுவும் இல்லை. 'கால் பலவீனம், சத்துக் குறைவு, இயன்முறைச் சிகிச்சை தேவை' என்று எழுதிய சீட்டோடு என்னிடம் வந்தான்.

அந்தச் சீட்டை நான் அப்படியே நம்பிவிட்டேன். தொடைத் தசைக்கு, கெண்டைக்கால் தசைக்கு, கணுக்காலுக்கு என்று வரிசையாகப் பயிற்சி. மணல் மூட்டையைக் காலில் கட்டித் தூக்கச் சொன்னேன். அவன் சிரமமே இல்லாமல் தூக்கினான். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ ஆக்கினேன்; அதையும் தூக்கினான். 'முன்னேற்றம்' என்று பதிவேட்டில் எழுதினேன். பலம் குறையாத காலுக்குப் பலம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது நான்கு மாதமாக எனக்கு உறைக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்தது. சீட்டிலிருந்த 'சத்துக் குறைவு' என்ற சொல் அம்மாவின் தலையில் விழுந்தது. மருமகள் பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு போடவில்லை என்று பாட்டி ஊர் முழுக்கச் சொன்னார். அம்மா கடன் வாங்கி டானிக் புட்டிகள் வாங்கினார். நான் முதன்முறை அந்த வீட்டுக்குப் போனபோது திண்ணை ஓரத்தில் அரை மூட்டை நிலக்கடலை இருந்தது. சிறுவன் பேசிக்கொண்டே உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். அதையும் பார்த்தேன், அதிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

## சோப்பு

2022 ஏப்ரலில் ஒருநாள் அம்மா, புகாராகக்கூட இல்லாமல், பேச்சுவாக்கில் சொன்னார்: "மற்ற நேரத்தில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறான் டீச்சர். முகத்துக்குச் சோப்புப் போட்டால்தான் தொட்டியடியில் விழுந்துவிடுகிறான்." வள மையத்திலிருந்து யார் போனாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான்.

சோப்புப் போட்டால் என்ன ஆகும்? கண் மூடும். அவ்வளவுதான்.

அப்போதே அவனை எழுப்பி, இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்கச் சொன்னேன். கண் திறந்திருந்தவரை முப்பது விநாடிக்குக் குறையாமல் நின்றான். கண்ணை மூடச் சொன்னேன். மூன்றாவது விநாடியில், வெட்டிய வாழை போல என் கைமேல் சாய்ந்தான். மறுநாள் ஆசிரியையிடம் விசாரித்தேன். மைதானத்தில் விழுவதைவிடக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில்தான் அவன் அதிகம் விழுகிறான் என்றார். வெறும் வயிற்றோடு வருவதால் மயக்கம் என்று நினைத்து, தினமும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வழிபாட்டில் பிள்ளைகள் கண்ணை மூடி நிற்பார்கள்.

கால் எங்கே இருக்கிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்க்காமலே மூளைக்குச் சொல்லும் உணர்வு ஒன்று உண்டு. இருட்டில் படியிறங்குவதும், பேசிக்கொண்டே வரப்பில் நடப்பதும் அதை நம்பித்தான். தண்டுவடத்தின் பின்புற நரம்புக் கற்றை வழியாக அது மேலே போகிறது. அந்தக் கற்றை கெட்டால், பலம் அப்படியே இருக்கும். கண்ணால் பார்த்துச் சமாளித்தும் விடலாம். கண் மூடினால் விழவேண்டியதுதான்.

மீதிச் சோதனைகளைச் செய்தேன். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் வரவேண்டிய உதைப்பு இரண்டு பக்கமும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நான் மேலே தூக்குகிறேனா கீழே இறக்குகிறேனா என்று சொல்லச் சொன்னதில் பாதிக்குப் பாதி தவறு. தட்டினால் அதிரும் உலோகக் கவையான இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்தபோது ஒவ்வொரு முறையும் 'அதிர்கிறது' என்றான். சந்தேகம் வந்து, தட்டி ஒலிக்கவிட்டபின் அவனுக்குத் தெரியாமல் விரலால் நிறுத்திவிட்டு வைத்தேன். அப்போதும் 'அதிர்கிறது' என்றான். காதில் விழுந்த ஓசைக்குத்தான் இத்தனை நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். உணர்வு முழங்காலில்தான் தொடங்கியது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்தச் சின்ன ஏமாற்றை அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பேச்சிலும் இலேசான குழறல் இருந்தது. ஊன்றிக் கேட்டால்தான் தெரியும். தலை அவ்வப்போது மெல்ல 'இல்லை, இல்லை' என்பதுபோல் ஆடியது. கூச்சம் என்று நான் எண்ணியிருந்தது அதைத்தான்.

## எங்கே அனுப்புவது

அன்றே பயிற்சியை நிறுத்தினேன். பார்த்ததை வரிசையாக ஒரு பக்கத்தில் எழுதி, நோயின் பெயர் எதையும் குறிப்பிடாமல், மாவட்டத் தலைநகரில் இருந்த குழந்தை மருத்துவருக்கு அனுப்பினேன். பெயரெழுதிய சீட்டு செய்யும் வேலையை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

அவர் முதலில் இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்தார். பி12 குறைந்தாலும் இதே நரம்புக் கற்றை கெடும் என்பதால் அது சரியான முதல் கேள்வி. அளவு சரியாகவே இருந்தது. மே மாதம் பெங்களூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அப்பா அங்கேயே வேலையில் இருந்ததால் தங்குவதற்கு இடம் கிடைத்தது. கிடைக்காவிட்டால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும்.

நரம்பியல் மருத்துவர் குடும்ப விவரம் கேட்டார். கிளைப்படம் வரைந்தபோது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அப்பா தன் அக்காள் மகளையே மணந்தவர். சிறுவனின் அம்மாவைப் பெற்ற பாட்டி, அவனுக்கு அத்தையும் ஆவார். எங்கள் பக்கத்தில் இது அதிசயமான உறவல்ல. அதனால் அதுவரை யாரும் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. ஆனால் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட மரபணுவின் இரண்டு பிரதிகள் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வரும் நோய்களுக்கு, இரத்த உறவுத் திருமணத்தில் வாய்ப்பு கூடுகிறது.

இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு, இப்படிப்பட்ட குடும்பத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஃபிரைட்ரீக் அட்டாக்சியா. மெல்ல மெல்ல நடை போய், பலருக்கு இதயமும் பாதிக்கும் நோய் அது. மருத்துவர் இதயத்துக்கு எக்கோ எடுத்தார், பழுதில்லை. ஃபிரைட்ரீக் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்த அதே நாளில் வைட்டமின் இ அளவுக்கும் எழுதிக் கொடுத்தார். காரணத்தை அப்பாவிடம் அவர் விளக்கியது இது: பார்ப்பதற்கு ஃபிரைட்ரீக் போலவே இருக்கும் இன்னொரு நோய் உண்டு, மிக அரிது, ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது, இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

## அலுமினியத் தாள்

முதல் மாதிரி வீணாயிற்று. வைட்டமின் இ வெளிச்சம் பட்டால் சிதையக்கூடியது. குழாயை வெளிச்சம் படாமல் சுற்றி அனுப்ப வேண்டும். எங்கோ ஓரிடத்தில் சுற்றாமல் அனுப்பிவிட்டார்கள். ஆய்வகம் திருப்பிவிட்டது. இரண்டாம் முறை இரத்தம் எடுப்பதற்குள் ஆறு வாரம் ஓடியது. அப்பாவின் வேலை நாள், பையனின் காய்ச்சல், ஆடி மாதம் என்று ஒவ்வொன்றாக வந்து குறுக்கே நின்றன. இந்த முறை அப்பாவே கடையில் அலுமினியத் தாள் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரத்தம் எடுத்த செவிலியர் சிரித்தாராம். சிரித்தாலும் சுற்றினார்.

2022 ஆகஸ்ட் இறுதியில் முடிவு வந்தது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். அந்த ஆய்வகத்தின் கீழ்வரம்பு 5. கொழுப்பு அளவுகள் சரியாக இருந்தன. வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ கல்லீரல் கோளாறோ இல்லை. கொழுப்பைக் குடல் உறிஞ்சாத நோய்களிலும் பித்தம் தடைப்படும் நோய்களிலும் வைட்டமின் இ குறையலாம்; அவை எதுவும் இங்கே பொருந்தவில்லை. ஃபிரைட்ரீக் சோதனையும் இல்லை என்று வந்தது.

## தட்டில் இருந்தது, உடம்பில் இல்லை

எங்கள் ஊர்ப் பக்கம் வைட்டமின் இ என்றால் பச்சை மாத்திரை. ஊசியால் குத்திப் பிதுக்கி, தேங்காய் எண்ணெயில் கலந்து தலைக்கும் முகத்துக்கும் தடவுவார்கள். சிறுவனின் சித்தி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டின் கண்ணாடி மாடத்திலேயே ஒரு அட்டை இருந்தது. அதற்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு என்று அம்மா என்னைக் கேட்டார். நானும் அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன்.

நிலக்கடலை எண்ணெயை நெடுநாள் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பைக் கெடுப்பதால் வருவது அது. ஒரு மூலக்கூறு கெட்டால் அடுத்ததையும் கெடுத்துக்கொண்டே போகும். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அங்கேயும் இந்தத் தொடர் நடக்கும். அதை நடுவில் அறுத்துவிடுவது வைட்டமின் இ-யின் முதன்மை வேலை. நரம்பு இழைகள் நீளமானவை, கொழுப்புச் சவ்வு மிகுந்தவை. காலிலிருந்து தண்டுவடத்தின் பின்புறமாக ஏறும் நீண்ட இழைகள் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் முதலில் அடிபடுகின்றன. அதனால்தான் தொல்லை பாதத்தில் தொடங்கியது.

1922-ல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும் இதைக் கண்டுபிடித்தபோது பார்த்தது நரம்பை அல்ல. கருவுற்ற எலிகளின் கரு தங்காமல் போனதை. பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'டோக்கோஃபெரால்' என்று பெயர் வந்தது. பெயர் ஒரு பக்கம் இழுக்க, மனிதர்களில் வேலை இன்னொரு பக்கம் கிடந்தது.

சாப்பாட்டால் இது குறைவது மிக அரிது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 9 முதல் 13 வயது வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 15. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இருக்கிறது. நூறு கிராம் கடலை எண்ணெயிலும் ரேஷன் பாமாயிலிலும் 15 அளவில். சூரியகாந்தி எண்ணெயில் 40-ஐ ஒட்டி. கடலையைக் கையிலும் எண்ணெயைச் சட்டியிலும் வைத்திருக்கும் ஒரு வீட்டில் 0.9 வரைக்கும் இறங்க வழியில்லை. திண்ணை ஓரத்து மூட்டை அன்று சொன்னது இதைத்தான்.

அப்படியானால் எங்கே போகிறது? மருத்துவர் விளக்கியதை அப்பாவுக்குப் புரியும்படி நான் மாம்பழ மண்டியை வைத்துச் சொன்னேன். கிருஷ்ணகிரி மண்டிக்கு லாரி லாரியாகப் பழம் வருகிறது. அங்கிருந்து வெளியூர் லாரியில் ஏற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை என்றால் வந்த பழம் மண்டியிலேயே அழுகிக் குப்பைக்குப் போகும். கல்லீரல்தான் மண்டி. வைட்டமின் இ-யில் எட்டு வகைகள் உண்டு. அவற்றில் ஆல்ஃபா டோக்கோஃபெராலைப் பொறுக்கி எடுத்து, இரத்தத்தில் ஓடும் கொழுப்பு வண்டிகளில் ஏற்றும் ஒரு புரதம் கல்லீரலில் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் ஏற்ற ஆளில்லை. வந்தது கல்லீரலோடு நின்று வெளியேறிவிடும். ஆனால் மண்டிக்கு வரும் வழியிலேயே சில கூடைகள் சாலையோரம் விற்றுப்போவதும் உண்டு. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் வழியில் கொஞ்சம் நேரடியாக உடலுக்குக் கிடைத்துவிடுகிறது. பத்து லாரிக்குப் பதில் நூறு லாரி அனுப்பினால், வழியில் விற்பதே ஊருக்குப் போதும். மிகப் பெரிய அளவில் மருந்து கொடுப்பதன் பின்னுள்ள கணக்கு அது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் சாகும்வரை லாரி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

## எடுத்த முடிவுகள்

மரபணு முடிவுக்குக் காத்திருக்காமல் 2022 செப்டம்பர் முதல் வாரத்திலேயே மருந்து தொடங்கியது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பு போகிறது, மருந்தோ மலிவு. இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. பையனின் எடை 26 கிலோ. 400 மில்லிகிராம் மாத்திரை காலையும் இரவும். நலமான பிள்ளைக்கு அந்த வயதில் மாத்திரையாகத் தரும் உச்ச வரம்பு நாளுக்கு 600 மில்லிகிராம் என்பதால், இது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரக்கூடிய அளவு. இரத்தம் உறைவதில் வைட்டமின் கே செய்யும் வேலையை மிகையான வைட்டமின் இ தடுக்கக்கூடும். அதனால் பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து, நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள அந்தப் பழுது இரண்டு பிரதியிலும் இருப்பதை மரபணு முடிவு உறுதிசெய்தது.

மருந்தை எப்படிக் கொடுப்பது என்பது வீட்டில் தீர்ந்தது. வெறும் தண்ணீரில் விழுங்க முயன்றால் பல்லில் கடித்து, எண்ணெய் வாயில் பரவி, துப்பிவிடுவான். அம்மா கேழ்வரகுக் களியைப் பிட்டு, குழி செய்து, மாத்திரையை உள்ளே வைத்து மூடி, கடலைச் சட்னியில் தோய்த்துக் கொடுத்தார். களியை யாரும் மென்று தின்பதில்லை, உருட்டி விழுங்குவதுதான். சறுக்கிக்கொண்டு போய்விட்டது. இந்த வைட்டமின் கொழுப்போடு போனால்தான் குடலில் ஏறும்; களியில் கொழுப்பு குறைவு, அந்தக் குறையைச் சட்னி நிரப்பியது. மருத்துவரிடம் சொன்னபோது இதற்குமேல் தானும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாராம்.

இன்னொரு முடிவு தங்கையைப் பற்றியது. அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாள். சோதனையில் நான் பார்த்த அனைத்தும் சரியாகவே இருந்தன. நல்ல பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று பாட்டி மறுத்தார். உடன்பிறந்தவளுக்கும் அதே நான்கில் ஒன்று வாய்ப்பு என்பதை மருத்துவர் தொலைபேசியில் பாட்டியிடமே பேசி விளக்கினார். அளவு 1.1. அவளுக்கும் அக்டோபரில் மருந்து தொடங்கியது.

## பின்னர் நடந்தது

'வைட்டமின் குறைபாடு' என்று பெயர் வந்ததும் வீட்டில் பழைய சண்டை புது வேகத்தோடு திரும்பியது. தான் முதலிலேயே சொன்னதுதானே, சத்துக் குறைவுதானே என்றார் பாட்டி. குறைபாடு என்ற ஒரே சொல் தட்டில் இல்லாததையும் உடம்பில் தங்காததையும் சேர்த்துக் குறிக்கிறது; அதன் விலையை எப்போதும் அம்மாதான் கொடுக்கிறாள். மாமண்டிக் கதையைப் பாட்டிக்கும் ஒருமுறை சொன்னேன். ஏற்றும் ஆளைக் கொடுக்காமல் விட்டது மருமகள் மட்டுமல்ல, உங்கள் மகனும் சரிபாதி என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த இரண்டு முறை போனபோது மோர் வரவில்லை.

அப்பா வேறு வகையில் தவறினார். நரம்புக்கு நல்லது என்று கேட்டதும் தானும் தினம் ஒன்று விழுங்கத் தொடங்கினார், மேஸ்திரிக்கும் பங்கு. அவருடைய இரத்த அளவு சரியாகவே இருந்தது. அமெரிக்காவில் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த செலக்ட் ஆய்வில், தினம் 400 அலகு வைட்டமின் இ எடுத்தவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது 2011-ல் வெளியானது. மகனுக்கு மருந்தாக இருப்பது அப்பாவுக்குத் தேவையற்ற சுமை. சொன்னதும் நிறுத்தினார். மேஸ்திரி நிறுத்தினாரா என்பது அவர் கவலை.

மூன்று மாதத்தில் சிறுவனின் அளவு 7-ஐத் தாண்டியது. 2023 மார்ச்சில் திடீரென்று 2-க்கு இறங்கியது. மாத்திரை தீர்ந்தபோது அப்பா ஊரில் இல்லை. அம்மா வாங்கப் போன கடையில் அது இருப்பு இல்லை. 'இதிலும் வைட்டமின் இ இருக்கிறது' என்று ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தது உண்மைதான், 10 மில்லிகிராம். இந்த நோயில் மருந்து நின்றால் சில நாட்களிலேயே இரத்த அளவு சரிந்துவிடும். அதன்பின் மூன்று மாதத்துக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்கி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருட்டான மாடத்தில் வைக்கிறார்கள். காலி அட்டைகளை அம்மா எறிவதில்லை. நான் போகும்போது எண்ணிக் காட்டுகிறார். எடை கூடியதும் அளவு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் ஆயிற்று.

என் பயிற்சியும் மாறியது. மணல் மூட்டை போய்விட்டது. கண்ணாடி முன் நிற்பது, தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து நடப்பது, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பின் பார்வையை விலக்குவது. தொட்டியடியில் ஒரு முக்காலி போட்டாயிற்று. முகம் கழுவ உட்கார்ந்துகொள்கிறான். கழிப்பறைக்குப் போகும் வழியில் கயிறு கட்டி, இரவில் எரிய ஒரு சிறு விளக்கு. பள்ளியில் வழிபாட்டின்போது கண்ணைத் திறந்தே நிற்கலாம் என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். எல்லோரையும்விட அவனுக்கு மகிழ்ச்சி கொடுத்தது அதுதான். மற்ற பிள்ளைகளில் யார் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டியல் கொடுத்தான்.

கண்ணை மூடி நிற்கும் நேரம் தொடக்கத்தில் 3 விநாடி. ஆறு மாதத்தில் 9. ஓராண்டில் 17. இரண்டாம் ஆண்டின் முடிவில் 20-ஐ ஒட்டி நின்றுவிட்டது. இசைக்கவையின் அதிர்வு கணுக்காலில் மங்கலாகத் தெரிகிறது என்கிறான். நிறுத்திவிட்டு வைத்தால் இல்லை என்கிறான், அதனால் நம்புகிறேன். முழங்கால் உதைப்பு திரும்பவில்லை, பேச்சுக் குழறல் போகவில்லை. இருட்டில் தனியாக நடக்க முடியாது. ஆனால் 2022-க்குப் பின் புதிதாக எதையும் இழக்கவில்லை. இந்த நோய் கண்ணையும் தொடக்கூடும் என்பதால் விழித்திரையையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், இதுவரை தெளிவு. தங்கைக்கு இன்றுவரை ஓர் அறிகுறியும் இல்லை.

## மறுபடி செய்வதானால்

சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் முதல் நாளே கண்ணை மூடி நிற்கவைத்துப் பார்ப்பேன். அதற்குக் கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும். இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் செய்கிறேன். பலத்தைச் சோதிக்காமல் பலப்பயிற்சி கொடுத்தது நேரடியாக என் பிழை. நான்கு மாதம் என்பது பதினொரு வயதுக்குள்ளான நரம்புக்குச் சின்னக் கணக்கல்ல.

பல்லின் பழுப்பு எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்தது. ஃபுளோரைடு இங்கே மெய்யான தொல்லை. அதனாலேயே அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்துகொள்ள முடிகிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நோய்கள் இருக்கக்கூடாது என்று விதியில்லை.

உறவுமுறையைக் கேட்கும் கேள்வியை என் பதிவுத்தாளில் சேர்த்திருக்கிறேன். 'சொந்தத்தில் கல்யாணமா' என்று கேட்டால் முகம் சுருங்குகிறது. 'பிள்ளையின் பாட்டிகள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். வைட்டமின் இ சோதனைக்கு அனுப்பும் பிள்ளை யாராக இருந்தாலும் அலுமினியத் தாள் பற்றிக் கையோடு எழுதிக் கொடுக்கிறேன்.

முடியாமல் கிடப்பது ஒன்று. அதே கொடிவழியில் இன்னும் மூன்று குடும்பங்கள் சொந்தத்தில் மணம் முடித்தவை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இரத்தம் கொடுத்தன. அளவுகள் சரியாக இருந்தன. மூன்றாவது வீட்டில் ஒரு பெண்ணுக்கு 16 வயது, சம்பந்தம் பேச்சு நடக்கிறது. நோய்க் குடும்பம் என்று பெயர் வந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். நான் மூன்று முறை போய்விட்டேன். நான்காம் முறை போகவில்லை. முகத்துக்குச் சோப்புப் போடும்போது அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொள்கிறாளா என்று மட்டும் கவனிக்கும்படி அவள் அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.